நகைப்பிலிருந்து இரக்கத்துக்கு: டேவிட் பிரென்றின் மீள்வருகை பற்றி ஒரு நோக்கு

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினையும் தொகுத்துக் கூறுமிடத்து நகையை முதலிலும், அழுகையை அதனை அடுத்தும், இளிவரலை மூன்றாவதாகவும் வைத்தார். நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பனவும், இளிவரலுக்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பனவும் நிலைக்களன்களாக வகுக்கப்பட்டன. இம்மூன்றும் இவ்வாறு அடுத்தடுத்து நிற்பதன் காரணம் இங்கு எமது ஆய்வுக்குரியதன்று. ஆயின் ஒருவனைப் பார்த்துச் சிரிப்பதற்கும், அவனுக்காகக் கூசுவதற்கும், அவன்பொருட்டு இரங்குவதற்கும் இடையிலுள்ள தூரம் மிகக் குறுகியது. அத்தூரத்தைக் கடக்கையில் ஒரு படைப்பு எதைப் பெறுகின்றது, எதை இழக்கின்றது என்ற வினா திறனாய்வாளன் தட்டிக்கழிக்கக்கூடியதன்று. இவ்வினாவைத் தெளிவாக எழுப்புவதற்குப் பிரித்தானியத் திரைப்படம் ஒன்று எமக்கு வாய்ப்பளிக்கின்றது. 2016-ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் அந்நாட்டிலும், 2017-இல் நெற்பிளிக்ஸ் நிறுவனத்தின் வாயிலாகப் பிற நாடுகளிலும் வெளிவந்த 'டேவிட் பிரென்ற்: லைஃப் ஒன் த றோட்' என்பதே அப்படம். எழுதி இயக்கி நடித்தவர் றிக்கி ஜேர்வெய்ஸ். 2001-ஆம் ஆண்டு யூலையில் பி.பி.சி.யின் இரண்டாம் அலைவரிசையில் தொடங்கிய 'த ஒஃபிஸ்' என்னும் தொடரின் நாயகனாகிய டேவிட் பிரென்றைப் பதின்மூன்று ஆண்டு இடைவெளியின் பின் இப்படம் மீண்டும் கொண்டுவந்து நிறுத்துகின்றது.

இப்படத்தைப் பாராட்டியோர் பலரும் ஒரே காரணத்தையே கூறினர். தொடரில் பிரென்றைப் பார்த்து நகைத்தோம், படத்தில் அவனை நேசிக்கக் கற்றுக்கொண்டோம், ஆகவே படம் மனிதாபிமானத்தில் மேலோங்கி நிற்கின்றது என்பது அவர்தம் வாதம். நாம் இதனை ஏற்பதற்கில்லை. மனிதாபிமானம் என்ற சொல் திறனாய்விலே பலமுறை செய்துவரும் வேலையையே இங்கும் செய்கின்றது. ஒரு சமூக உறவை ஒரு தனிமனிதனின் மனப்புண்ணாகச் சுருக்கிவிட்டு, அப்புண்ணுக்கு மருந்திடும் உரிமையைப் பார்வையாளனுக்கு வழங்கிவிடுகின்றது. ஆயினும் படத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடுவதும் தகாது. தொடரில் எங்கும் காணப்படாத ஓர் உண்மை இப்படத்தின் நடுவிலே கிடக்கின்றது. படமே அதனை முழுமையாக அறியவில்லை என்பதுதான் எமது குறை.

மூலத்தொடரின் வடிவத்தை முதலில் நோக்குவோம். போலி விவரணப்படம் என்ற உத்தி ஜேர்வெய்ஸும் அவரது கூட்டாளியான ஸ்ரீபன் மேர்ச்சன்றும் கண்டுபிடித்ததன்று. 1990-களின் பிற்கூற்றில் பிரித்தானியத் தொலைக்காட்சி நிலையங்கள் நடிகரும் எழுத்தாளரும் இன்றி மலிவாகத் தயாரிக்கக்கூடிய ஒருவகை நிகழ்ச்சியைப் பெருமளவில் ஒளிபரப்பின. விமான நிலைய ஊழியர், வாகனம் ஓட்டப் பழகுவோர், ஹோட்டல் பணியாளர் ஆகியோரின் அன்றாட வாழ்வைக் கமெரா பின்தொடர்ந்தது. 1997-இல் ஒளிபரப்பான 'டிரைவிங் ஸ்கூல்' ஒரு கோடிக்கு மேற்பட்ட பார்வையாளரை ஈர்த்தது. உழைப்பாளியே தன் உழைப்பிடத்தில் இலவசக் கேளிக்கைப் பொருளாக மாறிய காலம் அது. பிரென்ற் என்ற பாத்திரமும் இதே மலிவின் பிள்ளைதான். மேர்ச்சன்ற் பி.பி.சி.யில் பயிற்சி பெற்றபோது தமக்குக் கிடைத்த ஒரு நாள் படப்பிடிப்பு வசதியைக் கொண்டே அதன் முதல் வடிவத்தை எடுத்தார். விவரணப்பாணி விரைவாகவும் செலவின்றியும் முடிக்கத்தக்கது. ஆனால் வறுமையால் வந்த அவ்வடிவம் தொடரில் ஒரு விமர்சனக் கருவியாக வளர்ந்தது. வேர்ணம் ஹொக் என்னும் கற்பனைக் காகித விற்பனைக் கம்பனியின் ஸ்லௌ கிளைக்குள் நுழையும் கமெரா, ஏற்கெனவே மேற்பார்வைக்குட்பட்ட ஓர் இடத்துள் நுழையும் இன்னொரு மேற்பார்வையாளனே. முகாமையாளனான பிரென்ற் அதனைக் கண்டவுடன் பூரிக்கின்றான். அவன்கீழ் வேலைசெய்வோர் கூசுகின்றனர். நகைப்பு முழுவதும் இவ்வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றது.

களமாக ஸ்லௌ தெரிவுசெய்யப்பட்டதும் மனங்கொளத்தக்கது. இலண்டனுக்கு மேற்கேயுள்ள இந்நகரின் கைத்தொழிற் பேட்டை முதலாம் உலகப் போரின் பின் எஞ்சிய இராணுவ வாகனப் பணிமனையை வாங்கி 1920-இல் தொடங்கப்பட்டது. 1937-இல் ஜோன் பெற்ஜமன் இந்நகர்மீது குண்டுகள் விழவேண்டுமெனக் கவிதை எழுதினார். தொழிற்சாலையும் தகர உணவும் நிறைந்த ஊர் என்பதே அக்கவிஞரது வெறுப்புக்குக் காரணம். அழகியல் வெறுப்பின் உள்ளே வர்க்க வெறுப்பு உறைவதற்கு இதனிலும் சிறந்த சான்று தேடவேண்டியதில்லை. தொடரில் பிரென்ற் அக்கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாக மறுப்பான். மறுப்பு மடமையானது; ஆனால் மறுப்பவன் பக்கமே நியாயம் இருக்கின்றது. தொடரின் நகைச்சுவை எவ்வளவு சிக்கலானது என்பதற்கு இவ்வொரு காட்சியே போதும்.

பிரென்ற் யார்? அவன் முதலாளியல்லன், தொழிலாளியுமல்லன். மூலதனத்தின் கட்டளைகளை உழைப்போருக்கு அறிவிக்கவும், உழைப்போரின் முகங்களை நாள்தோறும் எதிர்கொள்ளவும் நியமிக்கப்பட்ட இடைமனிதன். சி. றைற் மில்ஸ் 1951-இல் வெளியிட்ட 'வைற் கொலர்' என்னும் நூலில், அலுவலக ஊழியன் தன் நேரத்தையும் திறனையும் மட்டுமன்றித் தன் புன்னகையையும் ஆளுமையையும் சந்தைக்குக் கொண்டுவர நிர்ப்பந்திக்கப்படுவதை விளக்கினார். பிரென்ற் இச்சந்தையின் அதிதீவிர பக்தன். தான் நண்பன் முதலாவது, முகாமையாளன் இரண்டாவது, கேளிக்கையாளன் மூன்றாவது என்றெல்லாம் கமெராவுக்குக் கூறிக்கொள்கின்றான். முதலாம் பகுதியின் இறுதியில் இக்கூற்றுச் சோதனைக்குள்ளாகின்றது. அவனுக்குப் பதவியுயர்வு கிடைக்கின்றது. அதனை ஏற்றால் ஸ்லௌ கிளையில் ஆட்குறைப்பு நிகழும். ஏற்றுக்கொள்கின்றான். பின்னர் வைத்தியப் பரிசோதனையில் இரத்த அழுத்தம் காரணமாகத் தவறிவிடுகின்றான். உடனே ஊழியருக்காகவே பதவியைத் துறந்ததாகக் கதை சொல்கின்றான். இதிலே தனிமனிதத் தீமை எதுவுமில்லை. அவனது இடத்திலிருக்கும் எவரும் அவ்வாறே நடந்துகொள்வர், சற்று நாகரிகமாக நடந்துகொள்வர் என்பதே வேறுபாடு. அந்த நாகரிகம் அவனிடம் இல்லாதபடியால் அமைப்பின் எலும்பு வெளியே தெரிகின்றது. ஆகவேதான் லூக்காச் கூறும் பொருளில் அவன் ஒரு வகைமாதிரிப் பாத்திரமாகின்றான், வெறும் கோமாளியல்லன்.

இரண்டாம் பகுதியில் இத்தன்மை உச்சம் அடைகின்றது. தர்ம நிதிக்காக எல்லோரும் வேடமிட்டுக் களிக்கும் நாளொன்றில், தீக்கோழியின் மீது சவாரி செய்வதுபோன்ற உடையணிந்து நிற்கும் பிரென்றிடம் மேலதிகாரிகள் அவனது வேலை பறிபோவதை அறிவிக்கின்றனர். அடுத்த நிகழ்ச்சியில் அவன் தன்னை நீக்கவேண்டாமெனக் கெஞ்சுகின்றான். இங்கு நகையும் இளிவரலும் பிரிக்கமுடியாதவாறு கலந்து நிற்கின்றன. எனினும் நாம் இரங்குவதற்கு முன்பாக அறிந்துகொள்கின்றோம்: ஆட்குறைப்பை அறிவிக்கும் கருவியாக இருந்தவன் ஆட்குறைப்புக்குள்ளாகின்றான், தான் எந்த வர்க்கத்தின் அருகில் நின்றான் என்பதை அன்றுதான் அவன் உணர்கின்றான். அறிவு முன்னும் இரக்கம் பின்னுமாக அமைந்த இவ்வொழுங்கே தொடரின் கலைவெற்றி.

இன்னும் இரண்டு விடயங்களைச் சொல்லாமல் மேற்செல்ல முடியாது. ஒன்று, ரிம் என்ற விற்பனை ஊழியன் கமெராவைப் பார்க்கும் பார்வை. பிரென்ற் ஏதேனும் உளறும்போது அவன் பேசுவதில்லை. முகத்தைத் திருப்பி எம்மை ஒருகணம் நோக்குகின்றான். கீழுள்ளவர்கள் மேலுள்ளவனைப் பற்றி அறிந்திருப்பது அனைத்தும் அப்பார்வையில் அடங்கும். பேசினால் வேலை போய்விடும் என்ற நிபந்தனையின் கீழ்ப் பிறந்த ஒரு மொழி அது. மற்றது, வேலையின் வெறுமை. காகிதப் பிரதியெடுக்கும் இயந்திரம் தாள்களை ஒவ்வொன்றாகத் துப்புகின்றது. ஒருவர் தொலைபேசியருகே வெறுமனே இருக்கின்றார். எவரும் எதுவும் சொல்வதில்லை. கதைக்கு இவை எவ்வகையிலும் தேவையற்றவை. விற்கப்பட்ட நேரம் எப்படியிருக்கும் என்பதைத் திரையிலே காட்டிய இச்சில விநாடிகளுக்கு ஈடாக அண்மைக்காலப் பிரித்தானியத் தொலைக்காட்சியில் அதிகம் இல்லை என்பது எமது எண்ணம். இரண்டாம் பகுதியின் முடிவில் ரிம் தன் உடையிலுள்ள ஒலிவாங்கியைக் கழற்றிவிட்டு டோனுடன் அறைக்குள் செல்கின்றான். படம் தெரிகின்றது, ஒலி இல்லை. தன் அந்தரங்கத்தை விற்க மறுக்கும் உரிமை ஓர் ஊழியனுக்கு உண்டென்பதைத் தொடர் அங்கே தன் சொந்த வடிவத்தைத் துண்டித்துக்கொண்டு ஒப்புக்கொள்கின்றது.

2003-ஆம் ஆண்டு நத்தாரை ஒட்டி வெளிவந்த இரண்டு சிறப்பு நிகழ்ச்சிகளுடன் தொடர் முடிவுற்றது. பிரென்ற் அங்கே துப்புரவுப் பொருட்களை ஊரூராக விற்பவன். விவரணப்படத்தில் தன்னை மூடனாகக் காட்டிவிட்டார்களென்று முறையிடுபவன். கிடைத்த பணத்தை ஒரு பாடலைப் பதிவுசெய்வதில் தொலைத்தவன். இரக்கத்தின் முதற் சுவடுகள் இங்கேயே தொடங்கிவிட்டன. 2004-இல் இத்தொடருக்குக் கோல்டன் குளோப் விருது கிடைத்தது. 2005 முதல் 2013 வரை அமெரிக்கப் பதிப்பு ஒன்பது பருவங்கள் ஓடியது. அப்பதிப்பு அலுவலகத்தை ஒரு குடும்பமாக்கிவிட்டது என்பதைத் தவிர இங்கு அதுபற்றி நாம் கூறவேண்டியது இல்லை.

இனித் திரைப்படத்துக்கு வருவோம். இப்போது பிரென்ற் லவிகெம் என்னும் கம்பனியில் விற்பனைப் பிரதிநிதி. குளியலறைத் துப்புரவுப் பொருட்களையும் பெண்களின் மாதவிடாய்ச் சுகாதாரப் பொருட்களையும் விற்கின்றான். இளமைக் கனவாகிய 'ஃபோர்கோன் கொன்குளூஷன்' என்னும் இசைக்குழுவை மீண்டும் உருவாக்கி, சில வாரங்கள் விடுப்பெடுத்துக்கொண்டு, சுற்றுலா புறப்படுகின்றான். பழைய நண்பர்கள் எவருமில்லை. எல்லோரும் கூலிக்கு வாசிக்கும் இளைஞர். இசை நிகழ்ச்சிகள் பெரும்பாலும் அவன் வசிக்கும் பிரதேசத்தின் அண்டையிலேயே நிகழ்கின்றன. வீட்டுக்குச் சென்று உறங்கத்தக்க தூரத்தில் ஹோட்டலில் தங்குகின்றான். பஸ்ஸுக்குப் பணம் கொடுத்தவன் அவன். அந்த பஸ்ஸில் அவனுக்கு இடமில்லை. தன் காரில் பின்னே செல்கின்றான். இவையனைத்துக்குமான செலவை அவன் தன் ஓய்வூதியச் சேமிப்புகளை உடைத்துப் பெறுகின்றான்.

இக்கடைசி விவரத்தின் மீது படம் ஒரு நொடிக்குமேல் தங்குவதில்லை. ஆனால் நாம் தங்கவேண்டும். ஐம்பத்தைந்து வயதைக் கடந்தோர் தமது ஓய்வூதிய நிதியை விரும்பியவாறு பணமாக்கிக்கொள்ளலாம் என்ற சட்ட மாற்றம் பிரித்தானியாவில் 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 'சுதந்திரம்' என்ற பெயரிலேயே அது விளம்பரப்படுத்தப்பட்டது. திரைக்கதைக்கும் அச்சட்டத்துக்கும் நேர்த்தொடர்பு உண்டென நாம் வாதிடவில்லை. ஆயினும் முதுமையின் பாதுகாப்பைக் கையிலெடுத்து அதனைக்கொண்டு இளமையை வாங்க முனையும் ஒருவனது கதை 2016-இல் வெளிவந்தமை வரலாற்றுக்குப் புறம்பானதன்று. முப்பது ஆண்டுகள் கழித்து உண்ணவேண்டிய சோற்றை இன்றே விதையாக வீசுகின்றான். அதுவும் கொங்கிறீற் தரையில்.

படத்தின் நடுவில் உள்ளதென நாம் முன்னர் சுட்டிய காட்சி இதுதான். இசைநிகழ்ச்சி முடிந்தபின் பிரென்ற் குழுவினருடன் அமர்ந்து மதுவருந்த விரும்புகின்றான். அவர்களுக்கு விருப்பமில்லை. ஆகவே ஓர் ஏற்பாடு செய்யப்படுகின்றது: அவனோடு இருந்து குடிப்பதற்குத் தலைக்கு 25 பவுண், குடிவகைகளின் செலவும் அவனைச் சார்ந்தது. அவர்கள் வருகின்றனர், அமர்கின்றனர், குடிக்கின்றனர். அவன் பேசுகின்றான்.

இக்காட்சியைப் பார்த்து அரங்கில் எழக்கூடிய சிரிப்பு, தொடரில் எழுந்த எந்தச் சிரிப்பிலும் ஆழமானது. 1844-ஆம் ஆண்டின் பொருளாதார, தத்துவக் கையெழுத்துப் பிரதிகளிலே மாக்ஸ் பணத்தின் வல்லமையைப் பற்றி எழுதிய பகுதி இவ்விடத்து நினைவுக்கு வருகின்றது. மனிதன் மனிதனாக இருக்கும் உலகில் அன்புக்கு அன்பையும் நம்பிக்கைக்கு நம்பிக்கையையும் மட்டுமே மாற்றாகப் பெறமுடியும். பணம் இவ்விகிதங்களைத் தலைகீழாக்கி, இல்லாததை இருப்பதாகக் காட்டுகின்றது என்பது அவர் அங்கே கூறுவதன் சாரம். பிரென்றின் மேசையில் நிகழ்வது இதனினும் ஒருபடி மேலானது. பணம் தோழமையைப் பொய்யாகக்கூட உருவாக்கித் தருவதில்லை. வாங்கியவனுக்கும் தெரியும், விற்றவர்களுக்கும் தெரியும், கமெராவுக்கும் தெரியும். பொருள் வந்து சேரவில்லையென்றாலும் கொள்வனவு நடந்துமுடிகின்றது.

இதிலே கவனிக்கத்தக்க மற்றொன்று உண்டு. அந்த இளைஞரைக் கொடியவர்களாக நாம் கருத நியாயமில்லை. அவர்கள் இசைக்கூலிகள், நிரந்தர வேலையற்றோர், இன்று இவனுக்கு வாசிப்பர், நாளை வேறொருவனுக்கு. வாசிப்பதற்கு ஒப்பந்தமானவர்களிடம் வேலை நேரத்துக்குப் பின்னரும் தமது முகமலர்ச்சியைக் கேட்கின்றான் முதலாளி. மேலதிக வேலைக்கு மேலதிகக் கூலி கேட்டனர்; அவ்வளவே. வேர்ணம் ஹொக்கில் முகாமையாளனாக இருந்தபோது பிரென்ற் தன் ஊழியரின் சிரிப்பை இலவசமாகவே பெற்றான். ஏனெனில் அது அவர்களது சம்பளத்துள் சொல்லாமலே அடங்கியிருந்தது. அங்கே மறைந்திருந்த விலை இங்கே வெளியே வந்து 25 பவுண் என எழுதப்பட்டுவிடுகின்றது. தொடர் முழுவதற்குமான விளக்கவுரை இவ்வொரு காட்சியில் உண்டு. அன்று ரிம்மும் டோனும் கீத்தும் அவனது பகிடிகளைக் கேட்டுக்கொண்டிருந்த மணித்தியாலங்களுக்கு யார் கூலி கொடுத்தார் என்று இப்போது கேட்கத் தோன்றுகின்றது. படைப்பாளி இவ்விடத்தில் நின்றிருப்பாராயின் இருபத்தோராம் நூற்றாண்டின் அலுவலக மனிதன் பற்றிய மிகக் கூரிய அங்கதங்களுள் ஒன்று எமக்குக் கிடைத்திருக்கும்.

அவர் நிற்கவில்லை. கூலி உறவில் பிறந்த கேள்விக்குப் படம் மூன்று வழிகளில் விடையளித்து அதனை அமர்த்திவிடுகின்றது. பிரென்றுக்கு ஓர் உளவரலாறு வழங்கப்படுகின்றது: அவன் மனமுறிவுக்கு ஆளானவன், மருந்துண்டவன், ஆலோசகரிடம் செல்பவன். அலுவலகத்திலே அவனை வெளிப்படையாக இழிவுபடுத்தும் முரடன் ஒருவன் படைக்கப்படுகின்றான். ஆகவே தீமைக்கு ஒரு முகம் கிடைக்கின்றது, எமது கோபம் அம்முகத்தில் இறங்கி ஓய்ந்துவிடுகின்றது. அவனை உள்ளூர விரும்பும் போலீன் என்ற சக ஊழியை வருகின்றாள். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை: இளிவரலின் நிலைக்களன்கள் நான்கும் ஒருவனிடத்தே குவிக்கப்பட்டுவிட்டன. இவற்றுள் பிணி உண்மையானது என்பதையோ, வேலையுலகம் மனிதரை நோயுறச் செய்கின்றது என்பதையோ நாம் மறுக்கவில்லை. மறுப்பது வேறு. நோய் இங்கே உறவுகளுக்கு விளக்கமாகக் காட்டப்படுகின்றதேயன்றி, உறவுகள் நோய்க்கு விளக்கமாகக் காட்டப்படவில்லை. தொடரில் முன்னே நின்ற அறிவு பின்தள்ளப்பட்டு, இரக்கம் முன்னே வந்து அமர்கின்றது.

வடிவத்திலும் இதே சரிவைக் காணலாம். ரிம்மின் பார்வைக்கு ஈடாக இப்படத்தில் எதுவுமில்லை. இசைக்குழுவினர் கமெராவை நோக்கி அமர்ந்து பிரென்றைப் பற்றித் தாம் நினைப்பதை வாய்திறந்து கூறுகின்றனர். அவர்கள் கூறுவது உண்மைதான். ஆனால் சொல்லப்பட்ட அவமதிப்பு ஒரு கருத்து மட்டுமே, சொல்லாத பார்வையோ ஒரு நிலைமை. பிரதியெடுக்கும் இயந்திரத்தின் வெறுமையும் இல்லை. அவ்விடத்தைப் பாடல்கள் நிரப்பிக்கொள்கின்றன. ஒலிவாங்கியைக் கழற்றிவிட்டு அறைக்குள் செல்லும் கணம் ஒன்றும் இல்லை. மேர்ச்சன்றின் பங்களிப்பு இப்படத்தில் இல்லாமை இதற்கு ஒரு காரணமாகலாம். களம் அலுவலகத்தைவிட்டு வீதிக்குச் சென்றமை அதனினும் பெரிய காரணம். வேலையிலிருந்து விடுபட்ட பிரென்ற் தன் இடத்திலிருந்து பிடுங்கப்பட்ட செடியாகின்றான். அவனது அசட்டுத்தனம் இப்போது எவர் வாழ்வையும் பாதிப்பதில்லை, அவனது பணப்பையைத் தவிர. அதிகாரமற்றவனைப் பார்த்துச் சிரிப்பதற்கு நாம் கூசுகின்றோம். அக்கூச்சத்தைத் தீர்ப்பதற்கே படம் எமக்கு இரக்கத்தைக் கையளிக்கின்றது.

டொம் ஜோன்சன் என்னும் கறுப்பின ராப் பாடகனின் பகுதியை இவ்வளவு கடுமையாக நாம் நோக்கவில்லை. பென் பெய்லி ஸ்மித் அப்பாத்திரத்தை அடக்கமாக நடித்திருக்கின்றார். தான் இனவாதியல்லன் என்பதற்கான நடமாடும் சான்றாகப் பிரென்ற் அவனைக் கூட்டிச் செல்கின்றான்; மேடையிலோ அவனுக்கு உரிய இடம் கொடுப்பதில்லை. சமத்துவத்தைப் போற்றும் பாடல்களைப் பாடிக்கொண்டே அதனைத் தன் புகழுக்கான ஏணியாக்கும் தாராண்மைவாதியின் முகம் இங்கே பிடிபடுகின்றது. இந்தியா, பாகிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து சென்ற குடும்பங்கள் பெருந்தொகையாக வாழும் ஸ்லௌ நகரைப் பற்றிப் பிரென்ற் பாடும் பாடல் அந்நகரின் வீதிகளையும் வசதிகளையும் அன்போடு வருணிப்பது; பெற்ஜமனுக்கு அவன் அளித்த மறுப்பின் தொடர்ச்சி எனலாம். படத்திலுள்ள பாடல்களுள் எமக்குப் பிடித்தது அதுவே. மடமையும் பாசமும் அதில் ஒன்றையொன்று விழுங்கவில்லை.

இறுதி இசைநிகழ்ச்சிக்கு வருவோம். நத்தார்ப் பாடலுக்கு மேடையில் செயற்கைப் பனி பொழியவேண்டுமெனப் பிரென்ற் விரும்புகின்றான், பணம் இல்லை, கைவிடுகின்றான். பாடும்போது பனி பொழிகின்றது. ஒலிப் பொறியியலாளனும் சுற்றுலாவை நடத்துபவனுமான டான் தன் சொந்தப் பணத்தில் அதனை ஏற்பாடு செய்திருக்கின்றான். கண்கலங்காமல் இக்காட்சியைப் பார்ப்பது கடினம். நாமும் கடினமாகவே உணர்ந்தோம். ஆயினும் நிகழ்ந்தது யாதெனக் கேட்கவேண்டும். கூலி பெறுபவன் கூலி கொடுப்பவனுக்குப் பரிசளிக்கின்றான். 25 பவுண் உறவு ஒரு கணம் தலைகீழாக்கப்படுகின்றது. விலையில்லாத ஒன்று முதன்முறையாகப் படத்துள் நுழைகின்றது. கலை இத்தகைய கணங்களுக்காக ஏங்குவது இயல்பு. ஆனால் பரிசளிக்க வேண்டியவன் யார் என்பதில் ஒரு தந்திரம் இருக்கின்றது. கூலி உறவின் கொடுமையைத் தணிக்கும் பொறுப்பு அவ்வுறவில் கீழே நிற்பவனின் நற்குணத்தின்மீது சுமத்தப்பட்டுவிட்டது. நல்ல தொழிலாளி தன் சம்பளத்திலிருந்து முதலாளிக்குப் பனி வாங்கிக் கொடுப்பான். விக்ரோறியா காலத்து நத்தார்க் கதைகளில் செல்வன் மனந்திருந்தி ஏழைக்கு உணவனுப்புவது வழக்கம். இங்கே திசைமட்டும் மாறியிருக்கின்றது.

படைப்பாளியின் வாழ்வைப் படைப்பின் திறவுகோலாகக் கொள்வது எமது முறையன்று. எனினும் சில பொதுவறிந்த செய்திகள் இங்கே பொருத்தமானவை. ஜேர்வெய்ஸ் 1980-களின் முற்பகுதியில் 'ஷோனா டான்ஸிங்' என்னும் இருவர் இசைக்குழுவில் பாடகராக இருந்தார். இரு இசைத்தட்டுகள் வெளிவந்தன, பிரித்தானியாவில் எடுபடவில்லை. ஒரு பாடல் பின்னர் பிலிப்பைன்ஸ் நாட்டில் புகழடைந்தது. அதன்பின் இலண்டன் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தில் நிகழ்ச்சி ஏற்பாட்டுப் பணியில் ஆண்டுக்கணக்கில் இருந்தார். அலுவலகத்தையும் தோல்வியுற்ற பாடகனையும் அவர் உள்ளிருந்து அறிந்தவர். 2001-இல் அவர் எழுதியபோது அவ்வறிவு சூடாக இருந்தது. 2016-இல் அவர் உலகப் புகழும் பெருஞ்செல்வமும் படைத்தவர். தொலைவிலிருந்து நோக்குபவனுக்குக் கீழுள்ளவை யாவும் பரிதாபத்துக்குரியவையாகத் தெரிவது இயல்பே.

இதனினும் முக்கியமான முரண்பாடு திரைக்கு வெளியே இருக்கின்றது. படத்தில் பிரென்றின் நிகழ்ச்சிகளுக்கு ஆள் வருவதில்லை, வந்தோர் வெளியேறுகின்றனர். ஆனால் உண்மையுலகில் பிரென்றாக ஜேர்வெய்ஸ் தோன்றிய மேடை நிகழ்ச்சிகளுக்கு நுழைவுச்சீட்டுகள் விற்றுத்தீர்ந்தன. அப்பாடல்கள் தொகுப்பாக வெளியிடப்பட்டு விற்பனையில் முன்னிலை பெற்றன. 1984-இல் வெளிவந்த 'ஸ்பைனல் ரப்' என்னும் போலி விவரணப்படத்தின் கற்பனைக் குழுவும் பின்னர் மெய்யான மேடைகளில் ஏறியது என்பதை ரசிகர் அறிவர். ஆனால் அக்குழுவின் மிடுக்கு ஒரு தொழிலின் மிடுக்கு. அதனைக் கொண்டாடுவதில் பெரிய பொய் ஏதுமில்லை. பிரென்றின் நிலை வேறு. எவரும் விரும்பாத மனிதன் என்பதே அவனது பொருள். அவ்விரும்பாமையே சந்தையில் அதிகம் விரும்பப்படும் பண்டமாகிவிட்டது. வெறிச்சோடிய மண்டபத்தின் படத்தைக் காட்டி நிறைந்த மண்டபத்துக்குச் சீட்டு விற்கப்படுகின்றது. பழகிய பாத்திரங்களை மீட்டெடுப்பதில் இன்றைய பொழுதுபோக்கு மூலதனம் காட்டும் ஆர்வத்தின் பின்னணியில் இதனை வைத்துப் பார்க்கவேண்டும். அமெரிக்காவில் 2020-ஆம் ஆண்டில் 'த ஒஃபிஸின்' அந்நாட்டுப் பதிப்பு இணையவழியில் 5,700 கோடி நிமிடங்கள் பார்க்கப்பட்டதாக நீல்சன் நிறுவனம் கணக்கிட்டது. அலுவலகங்கள் பூட்டப்பட்டுக் கிடந்த ஆண்டு அது. மக்கள் வீட்டிலிருந்து அலுவலகத்தைப் பார்த்தனர், அலுவலகத்துக்காக ஏங்கினர் என்றுகூடச் சொல்லலாம்; ஆனால் அவர்கள் ஏங்கிய அலுவலகம் எங்குமே இருந்ததில்லை.

இரக்கம் பிழையென்று நாம் கூறவில்லை. அழுகைக்குரிய நிலைக்களன்களுள் இளிவையே தொல்காப்பியர் முதலில் கூறினார். இழிவுபடுத்தப்பட்டவனுக்காக வருந்துவது மனித இயல்பு. ஆனால் இழிவு எவரால், எதன்பொருட்டு, என்ன விலைக்கு நிகழ்கின்றது என்ற கேள்வியோடு வரும் வருத்தம் ஒன்று. அக்கேள்வியை மறப்பதற்காக வரும் வருத்தம் வேறொன்று. தீக்கோழி உடையில் நின்ற பிரென்றுக்காக நாம் வருந்தியபோது வேர்ணம் ஹொக்கின் இலாபக் கணக்கும் எம் கண்முன் நின்றது. பனியில் நின்று பாடும் பிரென்றுக்காக வருந்தும்போது பனி மட்டுமே தெரிகின்றது.

சுற்றுலா முடிகின்றது. டொம்மின் திறமையை இசைத்துறையினர் கண்டுகொள்கின்றனர். பிரென்ற் லவிகெம் கம்பனிக்குத் திரும்பிச் செல்கின்றான். அதே மேசை, அதே துப்புரவுப் பொருட்கள், அதே வாடிக்கையாளர் பட்டியல். போலீன் அவனருகே வருகின்றாள். அவனது கையைத் தன் கையால் பற்றிக்கொள்கின்றாள். படம் அத்துடன் நிறைவுறுகின்றது. ஓய்வூதியப் பணம் என்னவாயிற்று, இன்னும் எத்தனை ஆண்டுகள் அவன் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைகடையாகச் செல்லவேண்டும் என்பன போலீனின் கையைக் காட்டிய கமெராவுக்குப் புலப்படவில்லை.